ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி

எங்கள் குழுவில் பம்ப்புகளைப் பொருத்துகிற பிட்டருக்கு ‘ரெண்டுதரம்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். எதையும் ஒருமுறை பார்த்து நம்பமாட்டான். போல்ட்டை முறுக்கிவிட்டு நாலடி நடப்பான், திரும்பி வந்து மறுபடி ஸ்பானரை வைத்து அழுத்திப் பார்ப்பான். வேலை முடிந்து கேட்டைத் தாண்டிய பிறகு, “ஒரு நிமிஷம், வால்வை மூடினேனான்னு பாத்துட்டு வந்துடறேன்” என்று ஓடுவான். அந்த ஒரு நிமிஷத்தில் எத்தனை பஸ்ஸைக் கோட்டை விட்டோம் என்பது எனக்கும் என் பசிக்கும்தான் தெரியும்.

ஏன்டா இப்படி என்று கேட்டால், பயம் என்பான். அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமே கிடையாது. பசிக்கிறது என்று சொல்வதுபோலப் பயமாக இருக்கிறது என்று சொல்லுவான். உயரம் பயம், மின்சாரம் பயம், கொக்கியில் எது தொங்கினாலும் பயம். எப்போதிலிருந்து இந்தப் பயம் என்று ஒருநாள் கேட்டேன். “பொறந்ததிலிருந்து” என்றான். நான் வெல்டர், நெருப்போடு குடித்தனம் நடத்துகிறவன். பயந்தவனைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் மத்தியானச் சாப்பாட்டை அவனோடுதான் சாப்பிடுவேன், ஏனென்றால் அவன் மனைவியின் கைமணம் அப்படி.

நான் சொல்ல வந்தது புது பம்ப்பை வைத்த நாட்களைப் பற்றி. ஒரு தொழிற்சாலைக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்புகிற பம்ப் அது. பாதி தரைக்குக் கீழே இருக்கும் ஒரு குழியில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய பம்ப்புகளின் வரிசையில், கடைசியாக இதை வைக்க வேண்டும். பழையவை ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் காதைக் கடித்தால்தான் பேச்சு கேட்கும். கிரேன் பம்ப்பை இறக்கிய அன்று ரெண்டுதரம் குழியின் விளிம்பில் நின்று எல்லாரையும் துரத்தினான். “தள்ளுங்க, அந்தப் பக்கம் தள்ளுங்க, கயிறு அறுந்தா யார் அம்மாகிட்ட நான் போய் சொல்றது.” கிரேன் ஓட்டுகிறவர் தலையில் அடித்துக்கொண்டார். பம்ப் பூ மாதிரி வந்து உட்கார்ந்தது. அதற்கப்புறமும் அவன் முகத்தில் ரத்தம் திரும்ப வெகு நேரமானது.

அடியில் சிமென்ட் கரைசல் ஊற்றினார்கள். அது இறுகியதும் மோட்டாரையும் பம்ப்பையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவரும் வேலை. இரண்டுக்கும் நடுவே முகத்தோடு முகம் பார்த்து நிற்கிற இரண்டு இரும்புத் தட்டுகள் இருக்கும். அதைத்தான் கப்ளிங் என்போம். ஊசிகளை மாட்டினால் இரண்டு தட்டும் சேர்ந்து சுற்றும், கழற்றினால் மோட்டார் தனி, பம்ப் தனி. அந்த இடுக்கில் கையை விட்டுத்தான் பிட்டர் வேலை செய்யவேண்டும். அந்த நேரத்தில் யாராவது மோட்டாரை ஓட்டிவிட்டால் கை திரும்பி வராது. சில சமயம் ஆளே திரும்பி வரமாட்டான்.

அதனால்தான் பூட்டு. குழிச் சுவருக்கு அந்தப் பக்கம் மின்சாரப் பேனல் அறையில் மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் பிடியில் இருக்கிற துளையில் வேலை செய்கிற ஒவ்வொருவனும் தன் பூட்டைத் தொங்கவிடுவான். சாவி அவனவன் பையில். அவன் வந்து அவன் கையால் திறந்தால்தான் உண்டு. முதலாளியே வந்து நின்றாலும் சுவிட்சைப் போட முடியாது. ரெண்டுதரத்துக்கு உலகத்திலேயே பிடித்த பொருள் தன் பூட்டுதான் என்று நினைக்கிறேன். பூட்டுவான், வந்து பம்ப் பக்கத்திலுள்ள பொத்தானை அமுக்குவான், மோட்டார் ஓடவில்லை என்று பார்ப்பான், இன்னொரு தரம் அமுக்குவான். பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பான். சாவி விரலில் தட்டுப்பட்டதும்தான் கையை இடுக்குக்குள் விடுவான். எத்தனையோ வருஷமாக அந்தச் சாவிதான் அவனுக்குத் தைரியம்.

எங்கள் எலக்ட்ரீஷியன், ரெண்டுதரத்தின் மனைவியுடைய தம்பி. அவன் கூப்பிடுகிறான் என்று நாங்கள் எல்லாருமே அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல பையன் என்று சொல்லமுடியாது, நல்ல மனுஷன், மீசையும் தொப்பையும் வந்துவிட்டது. சுறுசுறுப்பு, வாய்த்துடுக்கு, மாமன் மேல் உயிர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பெட்டியில் சாமான் வைத்துக்கொள்வார்கள். வினை அந்தப் பெட்டியில்தான் ஆரம்பித்தது. சிமென்ட் கரைசல் ஊற்றிய அன்று யாரோ வாளியை இடறிவிட, கரைசல் பெட்டிக்குள் போய் இரண்டு பேர் பூட்டையும் கல்லாக்கிவிட்டது. ஸ்டோர்காரரிடம் போய்க் கேட்டதற்கு, “சரக்கு வரட்டும், பாக்கலாம்” என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், கையுறை கேட்டாலும் சரக்கு வரட்டும்தான்.

இரவுச் சாப்பாட்டில் இதைப் பேசியிருக்கிறார்கள். பூட்டில்லாமல் நாளைக்குக் கையை வைக்கமாட்டேன் என்று ரெண்டுதரம் சொல்ல, அவன் மனைவி டிரங்குப் பெட்டியைக் குடைந்து ஒரு பித்தளைப் பூட்டை எடுத்துத் தந்திருக்கிறாள். சாவி இரண்டு. “ஒண்ணு நீங்க வெச்சுக்கங்க, ஒண்ணு அவன்கிட்ட இருக்கட்டும். ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வேலை செய்யறீங்க, அப்புறம் எதுக்கு ஆளுக்கொரு பூட்டு?” வீட்டுக் கதவுக்கு அது நியாயமான பேச்சு. அவள் கண்டது கதவுதானே.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது மச்சான் சாவியை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினான். “அக்கா குடுத்த சீர்” என்றான். இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். பூட்டு தொங்குகிறதா என்று சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். தொங்கியது. ரெண்டுதரம் வழக்கம்போலப் பொத்தானை இரண்டு தரம் அமுக்கி, பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலையில் இறங்கினான்.

எனக்கு அன்று வேலை மேலே. பம்ப் குழியையும் பேனல் அறையையும் பிரிக்கும் சுவருக்கு மேலே குழாய்கள் போகும் இரும்புச் சட்டம் இருந்தது. பெல்ட்டை மாட்டிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்து வேறொரு குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து இடப்பக்கம் பார்த்தால் நேர் கீழே குழியில் புதுப் பம்ப், வலப்பக்கம் பார்த்தால் பேனல் அறையின் திறந்த கதவு வழியே சுவிட்ச். அந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்கிற ஆள் அந்த இடத்தில் நான் ஒருவன்தான். கீழே இருப்பவர்களுக்கு நடுவே சுவர்.

மத்தியானத்துக்கு முன்னால் கோடு சரியாக வந்துவிட்டது. அடுத்தது, கப்ளிங் ஊசிகளைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஒரு நொடி ஓட்டி நிறுத்தி, அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்ப்பது. ஒயர் மாறியிருந்தால் பம்ப் தலைகீழாகச் சுற்றிக் கெட்டுப்போகும் என்பதால் இதை முதலில் பார்த்துவிடுவார்கள். ரெண்டுதரம் ஊசிகளைக் கழற்றினான். படியேறி வந்து பேனல் அறை வாசலில் மச்சானிடம் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்பது பிறகு தெரிந்தது. “முடிஞ்சுது மச்சான். கை கழுவிட்டு வந்துடறேன், சேந்து பாத்துடலாம்.” குழாயடி குழியின் மறுபக்கம். அங்கே போனான்.

அவன் அந்தப் பக்கம் போனதும் சூப்பர்வைசர் பேனல் அறைக்குள் தலையை நீட்டி, கைக்கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். இன்னும் சுத்துப் பாக்கலையா என்றுதான் கேட்டாராம். மச்சானுக்கு என்ன தோன்றும்? மாமா வேலையை முடித்தாயிற்று, மாமா குழாயடியில் இருக்கிறார், சாவி தன் கையிலேயே இருக்கிறது. அவரை எதற்கு இன்னொரு தரம் படியேற வைக்கவேண்டும்?

குழாயடியில் ரெண்டுதரம் குழாயைத் திறந்தான். திறந்தவன் கையை நீட்டாமல் அப்படியே நின்றான். அந்த நிற்பு எனக்குத் தெரியும். போச்சுடா, பயம் வந்துவிட்டது, எதையோ மறந்துவிட்டோமோ என்கிற பயம். குழாயை மூடினான். கிட்டத்தில் இருந்த படி வழியாகத் திரும்பவும் குழிக்குள் இறங்கினான். மோட்டார் தட்டின் கீழ்ப்பக்க நட்டில் ஸ்பானரை மாட்டி வைத்ததை எடுத்தோமா இல்லையா என்று அவனுக்குச் சந்தேகம். மண்டிபோட்டான். பையைத் தொட்டுப் பார்த்தான். சாவி இருந்தது. பழைய பூட்டாக இருந்திருந்தால், சாவி பையில் இருக்கும்வரை உலகத்தில் எவனாலும் அந்த மோட்டாரை அசைத்திருக்க முடியாது. அந்த நம்பிக்கையில் தோள்வரை கையை விட்டான்.

நான் வெல்டிங் கம்பி மாற்றுவதற்காக முகக் கண்ணாடியைத் தூக்கினேன். இடப்பக்கம் அவன் கை உள்ளே இருந்தது. வலப்பக்கம் மச்சான் பித்தளைப் பூட்டைத் திறந்து விரலில் மாட்டிக்கொண்டிருந்தான்.

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பழைய பம்ப்புகள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு மச்சானின் முதுகுதான் தெரிந்தது. இறங்கலாம் என்றால் பெல்ட்டின் கொக்கி பின்னால், என் விரல்கள் கொக்கியைத் தேடி எங்கெங்கோ போயின. சுவிட்சின் பிடி மேலே ஏறியது. பேனலிலும் ஒரு பொத்தான் உண்டு, இனி அது ஒன்றுதான் பாக்கி. கீழே ரெண்டுதரம் கன்னத்தை மோட்டாரின் மேல் சாய்த்துக்கொண்டு, கைக்கு எட்டாததை எட்டிப் பிடிக்கிற மனுஷன்போல நிதானமாகத் துழாவிக்கொண்டிருந்தான். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அவனிடம் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

பொறி விழுந்தால் அணைப்பதற்காக எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் வைத்திருப்பேன். கரியும் துருவும் கலந்து சாக்கடை நிறத்தில் இருக்கும். யோசித்துச் செய்தேன் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். கால் தானாகப் போய் உதைத்தது. ஒரு வாளித் தண்ணீரும் அவன் தலையில் விழுந்தது.

அவன் துள்ளி எழுந்து பின்னால் போனான். முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்து, முஷ்டியை ஆட்டி, என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். வாய் அசைவிலேயே எனக்குப் புரிந்தது. திட்டி முடிப்பதற்குள் மோட்டார் ஒரு உறுமல் உறுமிச் சுற்றி நின்றது. நட்டில் மாட்டியிருந்த ஸ்பானர் பறந்துபோய் எதிர்ச் சுவரில் அடித்து, காரையைப் பெயர்த்துக்கொண்டு கீழே விழுந்தது. ஆமாம், ஸ்பானரை அவன் மறந்துதான் இருந்தான். அவனுடைய பயம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

முஷ்டி மெல்லக் கீழே இறங்கியது. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். மீசையிலிருந்து கருப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சான் சிரித்துக்கொண்டே சுவரைச் சுற்றி வந்தான், பூட்டை விரலில் சுழற்றிக்கொண்டு. நானும் ஒருவழியாகக் கொக்கியைக் கழற்றி இறங்கி வந்திருந்தேன். “சுத்து சரியாத்தான் இருக்கு” என்று ஆரம்பித்தவன், மாமனைப் பார்த்து நிறுத்தினான். அவன் உதட்டருகே காதைக் கொண்டுபோய்த்தான் நான் அடுத்ததைக் கேட்டேன். “மாமா, நீங்க கை கழுவப் போனீங்கல்ல?”

ரெண்டுதரம் பையில் கையை விட்டுத் தன் சாவியை எடுத்து, ஈர உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். மச்சான் அதைப் பார்த்தான், தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அவனை அறையவேண்டும் என்று கை துடித்தது. அவன் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் அந்த ஆசையும் போய்விட்டது.

விஷயம் சூப்பர்வைசருக்குப் போனது. அவர் முகமும் வெளுத்தது, வேலையை நிறுத்தினார். வரவே வராத ஸ்டோர் சரக்கு, மூச்சு விடுவதற்குள் வந்து சேர்ந்தது. ஆளுக்கொரு புதுப் பூட்டு, பூட்டுக்கு ஒரே சாவி. அந்த ஸ்டோர்காரரை இன்றைக்கும் நான் கும்பிடுவதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கப்ளிங்கில் ஊசி மாட்டவேண்டும். ரெண்டுதரம் சாப்பிடவில்லை. புதுப் பூட்டைத் தொங்கவிட்டான், பொத்தானை அமுக்கினான், மறுபடி அமுக்கினான், பையைத் தொட்டான். மண்டிபோட்டுக் கையை இடுக்குவரை கொண்டுபோனான். கை அங்கேயே நின்றது. இழுத்துக்கொண்டு, மறுபடி கொண்டுபோனான், மறுபடி நின்றது. தோளிலிருந்து விரல்வரை வெடவெடவென்று ஆடியது. எழுந்து என் காதருகில் வந்து சொன்னான். “வரமாட்டேங்குதுடா. சாவி இருக்கு, ஆனா கை போகமாட்டேங்குது.”

இவ்வளவு நாளும் அவன் பயத்தைக் கேலி செய்தவன் நான். அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மச்சான் படியிலிருந்து எழுந்து வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது. “தள்ளுங்க மாமா, நான் மாட்டறேன்” என்றான். எலக்ட்ரீஷியனுக்கு ஊசி மாட்டத் தெரியாது. ஆனாலும் மண்டிபோட்டுவிட்டான். ரெண்டுதரம் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

“உன் பூட்டு தொங்குதா?”

“தொங்குது மாமா.”

“சாவி?”

மச்சான் பையைத் தொட்டுக் காட்டினான்.

“இன்னொரு தரம் தொட்டுப் பாரு.”

தொட்டான். ரெண்டுதரம் தானே போய்ப் பேனல் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான், பாதி வழியில் திரும்பி மறுபடி பார்த்துவிட்டு வந்தான். நான் சிரிக்கவில்லை. மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டான். அவன் கை தட்டுகளுக்கு நடுவே போனதுதான் தாமதம், ரெண்டுதரம் பக்கத்தில் விழுந்து தன் கையையும் கூடவே உள்ளே விட்டான். சொந்தக் கையை அனுப்பப் பயந்தவனால், மச்சான் கையைத் தனியாக அங்கே விட்டுவைக்க முடியவில்லை. நாலு கையும் உள்ளே கிடந்து முட்டி மோதி ஊசிகளை மாட்டின. வேலை முடிகிறவரை நான் பேனல் அறை வாசலில், சுவிட்சுக்குக் காவலாக நின்றேன்.

கப்ளிங்குக்கு மேல் பாதுகாப்புக் கூண்டை மாட்டினார்கள். தண்ணீர் உள்ளே வரும் வால்வை முழுதாகத் திறந்து, மேலே உள்ள சின்னக் குழாயைத் திறந்து காற்றையெல்லாம் வெளியேற்றி, வெளியே போகும் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தார்கள். அவரவர் பூட்டை அவரவர் திறந்தார்கள். ரெண்டுதரம் பொத்தானை அமுக்கினான். அமுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பம்ப் ஒரு இருமல் இருமி, பிறகு சீராக ஓடியது. அவன் சுற்றுகிற தண்டைத் தாங்கும் பேரிங் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தான். எதுவும் குறையில்லை. குறை இருந்தது அவன் கையில்தான், அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் என்னை விடவில்லை. “நீயும் வீட்டுக்கு வா. நாங்க ரெண்டு பேரும் மட்டும் போனா எங்க மூஞ்சியைப் பாத்தே அவ கண்டுபிடிச்சுடுவா. தம்பி கையாலயா இப்படின்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா.” பஸ்ஸில் மச்சான் எங்களோடு உட்காராமல் கடைசியில் நின்றுகொண்டு வந்தான்.

கதவைத் திறந்ததும் அவள் பார்த்தது சட்டையைத்தான். காய்ந்து கருப்புத் திட்டுத்திட்டாக இருந்தது. “என்னங்க இது?” என்றாள். மாமனும் மச்சானும் தரையைப் பார்த்தார்கள். நான் முந்திக்கொண்டேன். “நான்தாம்மா. மேலேர்ந்து சும்மா விளையாட்டுக்குத் தண்ணி ஊத்தினேன்.”

அவ்வளவுதான். வாங்கிக் கட்டிக்கொண்டேன். “விளையாடற இடமா அண்ணே அது? மிஷின் ஓடற இடத்துல திடுக்குன்னு தண்ணி ஊத்தினா, அவர் தடுமாறி எதுலயாவது கையை வெச்சிருந்தா? அவரே பயந்த சுபாவம். உங்களுக்கு அறிவு வேண்டாம்?” சோறு போடும்போதும் திட்டு, குழம்பு ஊற்றும்போதும் திட்டு. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். ரெண்டுதரம் பித்தளைப் பூட்டையும் இரண்டு சாவியையும் அலமாரியில் வைத்து, “கம்பெனியிலேயே குடுத்துட்டாங்க” என்றான்.

“அக்கா” என்றான் மச்சான். “அக்கா, அது வந்து…”

“சோறு ஆறுது மச்சான், சாப்பிடு” என்றான் ரெண்டுதரம்.

அவள் தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். “நீ ஏன்டா பேயறைஞ்சவன் மாதிரி இருக்க? இந்த மாதிரி ஆளுங்களை அவர்கிட்ட நெருங்க விடாதே. நீ கூட இருக்கேன்னு நினைச்சுத்தான் தினமும் நான் இங்க நிம்மதியா இருக்கேன்.” மச்சானின் கை தட்டிலேயே கிடந்தது. அவன் அழுவதை அவள் பார்க்குமுன் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டான்.

நான் கிளம்பும்போதும் அவள் விடவில்லை. “இனிமே வேலை நேரத்துல அவர் பக்கம் போகாதீங்க அண்ணே” என்றாள். சரிம்மா என்றேன். ரெண்டுதரம் வாசல்வரை வந்து, போய் வா என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

தெருமுனைக்குப் போயிருப்பேன், பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். அவன்தான். “என்னடா, எந்த வால்வை மூடலை?” என்று கேட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையை விடுவிக்க எனக்கு மனம் வரவில்லை. பஸ் வந்தது. இரண்டு பேரும் அதைப் போகவிட்டோம்.